“முடிதானே” என்று சொன்னேன், மனைவி பேசவில்லை

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை. வலது மார்பில் கட்டி இருந்து, ஆபரேஷன் முடிந்து, 16 நாளைக்கு முன்பு முதல் கீமோ ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து நான்கு தடவை, அதற்குப் பிறகு வாராவாரம் வேறொரு மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இடுப்பு வரை முடி. முந்தாநாள் தலை வாரும்போது கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அழுதாள். “முடிதானே, வளர்ந்துடும்” என்றேன். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. வெங்காய எண்ணெயும் பயோட்டின் மாத்திரையும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன். மாமியார் சமயபுரத்தில் மகளுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார், இந்த வாரமே போகலாம் என்கிறார். நானும் மொட்டை அடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றால் தைரியமாக இருக்குமே என்றும் தோன்றுகிறது. எட்டு வயது மகளிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: முதலில் அந்த ஒற்றை வார்த்தையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

“முடிதானே” என்று நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கீமோவில் கொட்டும் முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அது உங்கள் மனைவிக்கும் தெரியும். டாக்டர் சொல்லியிருப்பார், நர்ஸ் சொல்லியிருப்பார், பக்கத்துக் கட்டில் அக்கா செல்போனில் போட்டோகூடக் காட்டியிருப்பார். ஆகவே தகவல் போதாமல் அவர் அழவில்லை. புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: மார்பை எடுக்க வேண்டும் என்றபோது அழாமல் கையெழுத்துப் போட்ட பெண்கள், சீப்பைப் பார்த்து உடைந்துபோகிறார்கள். காரணம் எளிது. ஆபரேஷன் தழும்பு சேலைக்குள் இருக்கிறது. அவர் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். தலை அப்படி இல்லை. பால் வாங்க வாசலுக்கு வந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் ரிப்போர்ட்டிலும் ஸ்கேனிலும் இருந்த நோய், இப்போது கண்ணாடியில் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதைப் பெண்கள் எங்களிடம் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். “உயிர் பிழைச்சா போதும்னு நினைக்காம, முடிக்குப் போய் அழறேனே, எனக்கே வெக்கமா இருக்கு.” அழுகைக்கு மேல் இப்படி ஒரு குற்ற உணர்ச்சியும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, கணவரும் வந்து “முடிதானே” என்றால், “நீ அழுவது அற்பமான விஷயத்துக்கு” என்றுதான் காதில் விழும். நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. மகள் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள். “அன்னைக்கு முடிதானேன்னு சொல்லிட்டேன். உன்னைச் சமாதானப்படுத்தணும்னு வாயில வந்ததைச் சொன்னேன். உனக்கு எப்படி இருக்குன்னு நான் கேக்கவே இல்ல” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். இந்த நிறுத்துவதுதான் ஆண்களுக்கு வருவதில்லை. உடனே அடுத்த வாக்கியமாக ஒரு தீர்வு வந்து விழும்: விக் வாங்கலாம், எண்ணெய் தேய்க்கலாம், யூடியூபில் ஒருத்தர் சொன்னார் என்று. அவர் அழுதால் அழட்டும். “ஆமா, கஷ்டமாத்தான் இருக்கும்” என்ற அளவுக்குப் பேசினால் போதும். அவர் பதிலே சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்து, உங்கள் மொட்டை. அன்பான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் அடித்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். சினிமாவில் அந்தக் காட்சி நன்றாக இருக்கும். நம் தெருவில் நடுத்தர வயது ஆண் திடீரென்று மொட்டையோடு வந்தால், கோயிலுக்குப் போனீர்களா என்று பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று யாருக்கெல்லாம் சொல்வது என்பதை அவர் இன்னும் முடிவு செய்யாமல் இருக்கலாம். அதை உங்கள் தலை முந்திக்கொண்டு சொல்லிவிடும். தவிர, சில பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: “அவரைப் பாக்குறப்பல்லாம் என் தலைதான் ஞாபகம் வருது.” வேறு சிலரோ, கணவர் மொட்டை அடித்த நாளை இன்றைக்கும் பூரிப்போடு பேசுகிறார்கள். உங்கள் மனைவி எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் கேட்டால் தெரிந்துவிடும். “நானும் எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தாதீர்கள்.

நான் சொல்லவரும் எல்லாமே ஏறக்குறைய இதுதான். எந்தத் தேதியில் ஊசி, எந்தக் கையில் ஊசி, எதைச் சாப்பிடலாம், எப்போது குளிக்கலாம் என்று நோய் வந்த நாளிலிருந்து அவருக்காக எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். தலை ஒன்றாவது அவர் முடிவில் நடக்கட்டும். வெட்டுவதா, முழுக்க எடுப்பதா, தானாகக் கொட்டட்டும் என்று விடுவதா, விக்கா, துணியா, ஒன்றுமே வேண்டாமா, எல்லாம் அவர் சொல்வதுதான். கேட்பதும், கேட்டபடி ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலை.

ஆனால் முடிவெடுக்க அவருக்கு நேரம் அதிகமில்லை. இந்தச் சிவப்பு மருந்துக்கு முதல் கீமோ போட்டு இரண்டு, மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்த பிறகு வேகமாகத்தான் போகும். அதற்கு முன்னும் பின்னும் தலைத்தோல் நோகும். இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்தால் வேர் வலிக்குமே, அந்த வலி தலை முழுக்க இருக்கும் என்பார்கள். இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கொட்டிய முடி கீழே விழாமல் மீதி முடியோடு சிக்கி, தலைக்குக் குளித்ததும் மொத்தமாகச் சடைபிடித்துக்கொள்ளும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த நிலை வருவதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது என்று நாங்கள் சொல்வது அதனால்தான். குட்டை முடி கொட்டும்போது, கொட்டுவதும் குறைவாகத் தெரியும்.

அவர் சம்மதித்தால் வீட்டிலேயே வெட்டலாம், அல்லது வீட்டுக்கு வந்து வெட்டிவிடும் தெரிந்த பார்லர் பெண்ணை அழைக்கலாம். முடி காய்ந்திருக்க வேண்டும். தளரப் பின்னி, சடையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரப்பர்பேண்ட் போட்டு, மேல் ரப்பர்பேண்டுக்குச் சற்று மேலே வெட்டினால் சடை கலையாமல் அப்படியே கையில் வரும். சிலர் அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் விக் செய்யக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஓரடி நீளமாவது கேட்பார்கள். சிலருக்கு அதைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காது. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு கையில் சடையை வைத்துக்கொண்டு “இதை என்ன செய்ய?” என்று நிற்காதீர்கள்.

பிறகு மிச்சமும் கொட்டி, முழுக்க எடுத்துவிடலாம் என்று அவரே சொல்லும் நாள் வரலாம். அப்போது சவரக்கத்தி, பிளேடு, ரேஸர் எதுவும் வேண்டாம். டிரிம்மரில் கார்டு, அதாவது பிளேடு தோலில் படாமல் தடுக்கும் சீப்பு மூடி, மாட்டி ஓட்டினால் போதும். ஒரு சின்னக் கீறல்கூட இந்த நேரத்தில் வம்பு. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும், நம் ஆட்கள் ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்பார்களே, அது இரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் தோலில் கிருமி நுழைய வழி விடக்கூடாது. இதற்கு நடுவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், குரோசின் போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் உட்காராமல் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மாமியாரின் வேண்டுதலுக்கும் இதே பதில்தான். சமயபுரத்தில் கூட்டம், எத்தனையோ தலைகளைப் பார்க்கும் இடம், கத்தி, ஈரத் தரை. இப்போது கூட்டிப் போவது ஆபத்து. அதற்காக, மகளுக்காக வயிறு எரிந்து வேண்டிக்கொண்ட தாயிடம் “இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஆரம்பித்தால் வீடு ரெண்டாகிவிடும். “அத்தை, வேண்டுதல் அப்படியே இருக்கட்டும். சிகிச்சை முடிஞ்சு புதுசா வளர்ற முடியை ஆத்தாவுக்குக் கொடுப்போம். டாக்டர் இப்ப கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னுட்டார்” என்று சொல்லிப் பாருங்கள். பழியை டாக்டர் மேல் போடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். மாமியாருக்கு இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும் என்றிருந்தால், வீட்டில் வெட்டிய முடியில் கொஞ்சத்தை அவரே கொண்டுபோய்க் காணிக்கையாகச் செலுத்தி வரட்டும். பூமுடி கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உள்ளதுதானே. ஆனால் ஒன்று, உங்கள் மனைவிக்கு அந்த வேண்டுதலில் விருப்பம் உண்டா என்று யாராவது கேட்டீர்களா? சிலருக்கு அது பெரிய ஆறுதல். “கொட்டிப்போறதுக்கு முன்னாடி நானே கொடுத்துட்டேன்” என்று நிமிர்ந்து சொன்னவர்கள் உண்டு. சிலருக்கு மொட்டை என்றாலே கணவனை இழந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் செய்த கொடுமைதான் மனதில் வரும்.

இதைச் சொல்லும்போது பூ நினைவுக்கு வருகிறது. நீங்கள் வழக்கமாக மல்லிகைப்பூ வாங்கி வருபவராக இருந்தால், முடி இல்லையே என்று சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவது உங்களுக்கு இங்கிதமாகத் தோன்றும், அவருக்கு வேறு மாதிரி தோன்றும். “பூ வாங்கிட்டு வரட்டுமா?” என்று எப்போதும்போலக் கேளுங்கள். சாமி படத்துக்குப் போடச் சொல்வார், அல்லது ஸ்கார்ஃபில் குத்திக்கொள்வார், அல்லது மகள் தலையில் வைத்துவிடுவார். கவுன்ட் ரொம்பக் குறைவாக இருக்கும் நாட்களில் வாடிய பூவும் பூச்சாடித் தண்ணீரும் பக்கத்தில் வேண்டாம் என்று சில ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள். அந்த நாட்களில் மட்டும் விட்டுவிடுங்கள்.

எண்ணெயும் மாத்திரையும் வீண் செலவு. கோபித்துக்கொள்ள வேண்டாம். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ தாக்கும், முடியின் வேரில் இருப்பவையும் அப்படிப்பட்ட செல்கள்தான். வெங்காயச் சாறால் அதைத் தடுக்க முடியாது. ஏற்கெனவே நொந்துபோன தலைத்தோலில் எரிச்சல்தான் மிஞ்சும். வறண்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். பயோட்டின் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டவைக்கும், தைராய்டுக்கும் இதயத்துக்கும் எடுப்பவை அதில் அடக்கம். அந்தப் பாட்டிலை டாக்டரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்து, சூரணம் எல்லாவற்றுக்கும் இதுவே. தலையைக் குளிரவைத்து முடியைக் காப்பாற்றும் தொப்பிக் கருவி சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. ஆனால் மருந்து ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்து, ஏறி முடிந்த பிறகும் வைத்திருக்க வேண்டும், அதுவும் முதல் கீமோவிலிருந்தே. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. உங்கள் மனைவிக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனிமேல்தான் கீமோ தொடங்கப்போகிறது என்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

விக் வாங்குவதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். இதையும் ஆன்லைனில் தட்டிவிடாதீர்கள். கொஞ்சம் முடி இருக்கும்போதே போனால் நிறம் பொருத்திப் பார்க்க வசதி. திருச்சி வெயிலில் நாள் முழுக்க விக்கோடு இருக்க முடியாது. பள்ளிக்கு, கல்யாணத்துக்கு விக், வீட்டில் பழைய மெல்லிய காட்டன் துணி என்றுதான் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். செயற்கை இழை விக் என்றால் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகக்கூடாது. தோசைக்கல் சூட்டுக்கும் குக்கர் ஆவிக்கும் முன்நெற்றி இழைகள் சுருண்டு பொசுங்கிவிடும். தானமாக வந்த முடியில் செய்த விக்கை இலவசமாகத் தருபவர்களும் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் உள்ள சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். அப்புறம், இன்றைக்கே அவர் முகத்தை நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வாராந்திர மருந்து ஓடும்போது புருவமும் இமைமுடியும்கூடப் போகலாம். பென்சிலால் வரைந்துகொள்ள அந்தப் போட்டோ உதவும். தலைக்குத் தயாராகிவிட்ட பெண்கள்கூட, புருவம் போகும் என்று யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்படுவார்கள். இமைமுடி இல்லாவிட்டால் தூசி நேராகக் கண்ணில் விழும், வண்டியில் போகும்போது கண்ணாடி வேண்டும். மூக்கு முடியும் போய்விடுவதால் மூக்கு ஒழுகும், சளி என்று பயப்பட வேண்டாம்.

யாருக்கும் தெரியாத ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. காலையில் தலையணையில் கொத்தாகக் கிடக்கும். செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஒற்றி எடுத்தால் நிமிடத்தில் போய்விடும். குளியலறைச் சல்லடையை அவர் குளித்து வந்ததும் நீங்கள் சுத்தம் செய்யுங்கள். சோற்றில் ஒரு முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். செய்ததைச் சொல்லிக் காட்ட வேண்டாம், முகத்தையும் சுளிக்க வேண்டாம்.

அவர் முதல்முறை துணியை எடுத்துவிட்டு உங்கள் எதிரில் வரும்போது, தன் தலையைப் பற்றி யோசிக்க மாட்டார், உங்கள் கண்ணைத்தான் பார்ப்பார். “நீ எப்படி இருந்தாலும் அழகுதான்” என்று ஒப்பிக்காதீர்கள், மனப்பாடம் என்று தெரிந்துவிடும். திடுக்கிட்டால் திடுக்கிட்டதை ஒத்துக்கொள்ளலாம். “எனக்கும் பழக ரெண்டு நாள் ஆகும்” என்பது நேர்மையான பேச்சு, அதில் அவருக்கு மனம் ஆறும். பிறகு அவர் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். தொற்று வந்துவிடும் என்று தள்ளிப் படுக்கும் கணவர்கள் உண்டு. உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாதவரை கட்டிப்பிடிக்க எந்தத் தடையும் இல்லை. தலையைத் தடவிக்கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், நோகும் நாட்களாக இருக்கலாம். கண்ணாடியை எடுத்து மறைத்துவைக்கும் வேலை வேண்டாம். அப்படிச் செய்த கணவர் ஒருவரின் மனைவி எங்களிடம் கேட்டது, “அவ்வளவு கோரமாவா இருக்கேன்?”

மகளிடம் இன்றே சொல்லுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரியாமல் இருக்காது. சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். “அம்மாவுக்கு உடம்புல கெட்ட கட்டி வந்துச்சு, அதுக்குப் பேரு கேன்சர். களைக்கு அடிக்கிற மருந்து பயிரையும் கொஞ்சம் வாட்டுற மாதிரி, அந்த மருந்து முடியையும் கொட்ட வைக்கும். திரும்ப வளரும். உனக்கு ஒட்டிக்காது, நீ பண்ண எதனாலயும் வரல” என்ற அளவு போதும். நோயின் பெயரை மறைக்காதீர்கள், அது பள்ளியில் வேறு யார் வாயிலிருந்தாவது வந்து சேரும். முடி வெட்டும்போது கூட இருக்க ஆசைப்பட்டால், அம்மாவுக்குச் சம்மதம் என்றால், இருக்கட்டும்.

உறவினர்களை வாசலிலேயே கவனித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. “முடியெல்லாம் போயிருச்சா, காட்டு பாப்போம்” என்று கேட்கும் சித்தி எல்லா வீட்டிலும் உண்டு. “எந்த ஸ்டேஜ்?” என்று கேட்பவரும் உண்டு. “சிகிச்சை நல்லா போகுது, அவளுக்குப் பேசணும்னு தோணும்போது அவளே பேசுவா” என்று ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். பள்ளியில் யாரிடம் என்ன சொல்வது என்பது மட்டும் அவர் விருப்பம். முடி கொட்டாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று யாராவது கிளப்புவார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் கரன்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தால் திரும்பவும் கொட்டிவிடும் என்பார்கள். மார்புக்குக் கரன்ட் வைத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அழ வேண்டுமென்றால், அவரிடம் கொஞ்சம் அழலாம், எல்லாவற்றையும் அவர் மேல் இறக்கிவைக்க முடியாது. அண்ணனோ நண்பரோ ஒருவரிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லி வையுங்கள். சிகிச்சை நடக்கும் இடத்தில் உளவியல் ஆலோசகர் இருந்தால் தனியாகவும் போய்ப் பார்க்கலாம், நோயாளிக்கு மட்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

கீமோ எல்லாம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் பூனைமுடிபோல முளைக்கத் தொடங்கும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். முதலில் நரையாகவோ சுருட்டையாகவோ வரலாம். அவருக்கு நேராக இருந்த முடி சுருண்டு வந்தால் பதற வேண்டாம், பலருக்கு நாளாக ஆகப் பழையபடி மாறிவிடும். சாயம் பூசுவதை ஆறு மாதமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். தொடர்ந்து ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தால் முடி கொஞ்சம் மெலிதாகவே இருக்கலாம், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆறு மாதம் கழித்தும் சரியாக வளரவில்லை என்றால், சிலருக்கு அபூர்வமாக அப்படி ஆவதுண்டு, டாக்டரிடம் சொல்லித் தோல் மருத்துவரைப் பாருங்கள்.